கேள்விக்குறிக்கு நம்பர் இல்லை

என் தொண்டையில் வலப்பக்கம் ஒரு சதை வளர்ந்தது. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு நம்பர் போட்டார்கள். பிறகு சதையை அறுத்து எடுத்தார்கள். நம்பரை எடுக்கவில்லை. அந்த நம்பரால் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஐம்பது வயசுக்கு மேல் முதியோர் பள்ளியில் கற்றது. பிழை திருத்திக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். சேதி என்னுடையது. எண் மட்டும் எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்குகிறவள் தராசைப் படிக்கத் தெரியாமல் பிழைக்க முடியாது.

முதலில் களி இறங்கவில்லை. கேழ்வரகுக் களியை நாங்கள் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவோம். கை உருண்டை எவ்வளவு பெரிசோ அவ்வளவு உழைப்பாள் என்று எங்கள் பக்கம் பெண்ணை எடை போடுவார்கள். நான் ஆண்பிள்ளை உருண்டை விழுங்கியவள். அந்த வருஷம் சாமை அறுப்பு முடிந்த கையோடு, உருண்டை தொண்டையில் ஒரு பக்கமாக இடித்து நின்றது. வலி கிடையாது. எச்சில் விழுங்கினால் ஏதோ மாட்டிக்கொண்டது போல் இருக்கும். பேச்சும் மாறிப்போயிற்று. வாயில் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

என் மருமகள் சென்னம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். "இன்னாத்த, கொரலு பொம்பளயா ஆயிடுச்சி? இத்தினி நாளு ஊர்க்கவுண்டரு மாதிரி இல்ல இருந்துச்சி" என்றாள். எங்களுக்குள் அப்படித்தான். அவள் ஒன்று சொல்வாள், நான் இரண்டு சொல்வேன். பதினாறு வருஷமாக ஒரே அடுப்பில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே சமைத்தோம்.

உப்பும் மஞ்சளும் தொட்டு, கட்டைவிரலால் நானே உள்நாக்கை அமுக்கிப் பார்த்தேன். மிளகு மென்றேன். இரண்டு மாசம் போயிற்று. என் மகன் அண்ணாமலை ஒரு நாள் களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு, "கெளம்பும்மா, ஆலங்காயம் போலாம்" என்றான்.

மலைக்குக் கீழே இருக்கிற ஆலங்காயத்து டாக்டர் வயசானவர். நாக்கை ஒரு தட்டையான கரண்டியால் அழுத்தி, பேட்டரி விளக்கு அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். அவர்தான் எனக்கு முதலில் விளக்கிச் சொன்னவர். தொண்டைக்குள் நுழைகிற வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு சதை காவல்காரர் மாதிரி நிற்கும். அதற்கு டான்சில் என்று பேர். சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அது இரண்டும் வீங்கும். வளர வளரத் தானே வற்றிவிடும்.

"பசங்களுக்கு வர்ற நோவா எனுக்கு வந்துகீது?" என்று கேட்டேன்.

"பசங்களுக்கு ரெண்டு பக்கமும் வீங்கும். உங்களுக்கு ஒரு பக்கம்தான் வீங்கியிருக்கு. வயசானவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வீங்குனா சும்மா விடக்கூடாதும்மா. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று எழுத மாட்டேன். அங்கே இருந்தவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

அங்கே ஒரு வழக்கம். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய தொண்டை டாக்டர் பார்த்து, சீட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதுவார். அந்தச் சீட்டை ரெக்கார்டு ரூம் ஜன்னலில் கொடுக்க வேண்டும். உள்ளே குமாஸ்தா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, சீட்டின் மூலையில் சிவப்பு மையால் ஒரு நம்பர் போட்டுத் திருப்பித் தருவார். ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பராம். உலகம் பூராவும் அதே நம்பராம். மாசக் கடைசியில் எந்த நோவு எத்தனை பேருக்கு என்று கூட்டி மேலே அனுப்புவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும், "பையன் மட்டும் இருக்கட்டும்" என்றார். "நீ வெளிய குந்தும்மா" என்றான் அண்ணாமலை. என் தொண்டை, என் நோவு, நான் வெளியே. அவன் வெளியே வந்தபோது மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தான்.

"இன்னாடா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. சூட்டுக் கட்டியாம். அறுத்து எடுத்துட்டா சரியாப் பூடுமாம்."

"சூட்டுக் கட்டிக்கா நீ அழுதுக்கினு வர?"

"தூசி வுழுந்துச்சி" என்று சொல்லிவிட்டு, சீட்டோடு ஜன்னலுக்குப் போனான். அங்கே குமாஸ்தாவிடம் குனிந்து ஏதோ கேட்டான். அவர் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டினார். இவன் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. நோவாளியின் காதில் நோவின் பேர் விழக் கூடாது. பேரைச் சொன்னால் அது தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும், படுத்திருப்பவனுக்கு மட்டும் தெரியாது. என் வீட்டுக்காரர் வயிற்று நோவில் கிடந்தபோது அந்தப் பேர் அவர் காதில் விழாமல் காவல் காத்தவளே நான்தான். "எனுக்கு இன்னாடி?" என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். வாயு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதனால் அண்ணாமலை முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இப்போது காவல் என்னைச் சுற்றி நிற்கிறது என்று. எதற்குக் காவல் என்றுதான் தெரியவில்லை.

பெட் கிடைக்க எட்டு நாள் ஆயிற்று. தினமும் வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியைத் தொண்டையில் விட்டுத் துடைத்துக்கொண்டு போனார்கள். காத்திருக்கிற நேரத்தில் நான் செய்தது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் சீட்டு மூலையைப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. நம்பர் எல்லா பாஷைக்கும் ஒன்றுதானே.

தொண்டை பெஞ்சில் பாதிப் பேர் பிள்ளையை மடியில் வைத்த தாய்மார்கள். எல்லாப் பிள்ளைகளும் வாயைத் திறந்து மூச்சு விட்டன. சீட்டுகளில் 474, 474, 474. டான்சில் என்றே அந்தத் தாய்மார்கள் சொன்னார்கள். என் சீட்டில் 146. எனக்கும் டான்சில்தானே, ஏன் வேறே நம்பர்? என் நம்பருக்கு ஜோடி தேடினேன். மூன்று நாள் கிடைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு கிழவர் வந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு குழாய். மூச்சு அந்தக் குழாய் வழியாக விசில் மாதிரி போய் வந்தது. கூட வந்த பெண்சாதி மடியில் சீட்டு. 146.

"ஒங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நம்பரு" என்றேன் அவளிடம்.

அவள் என் சீட்டை வாங்கிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "யார் கூட வந்துகீற அக்கா?"

"மகன் கூட. டீ வாங்கப் போய்க்கீறான். உன் வூட்டுக்காரருக்கு இன்னா நோவு?"

அவள் அடிவாரத்து ஊர்க்காரி. எங்கள் கட்டு அவளுக்குக் கிடையாது. "புத்துநோவு அக்கா. கேன்சரு. பொகயிலய எடுத்துப் போடு, எடுத்துப் போடுன்னு தலயால அடிச்சிக்கினேன். கேட்டாரா? இப்ப கொழாயில மூச்சு வுடறாரு" என்றாள். கிழவர் குழாயை விரலால் பொத்திக்கொண்டு, "நீ வாய எடுத்துப் போட்டிருந்தா நானு பொகயிலய எடுத்துப் போட்டிருப்பேன்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என் சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டேன்.

அண்ணாமலை டீயோடு வந்தான். ஆற்றி, ஊதி, என் வாயருகே பிடித்தான். நாற்பது வயசு ஆண்பிள்ளை, அம்மாவுக்கு டீ ஊதித் தருகிறான். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். பெற்றவளிடம் சொல்ல முடியாததை ஜன்னல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானே என்று உள்ளே எரிந்தது.

ஒன்பதாம் நாள் ஆபரேஷன். மூக்கில் மூடி வைத்து ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். நாலு வரைக்கும் ஞாபகம். விழித்தபோது தொண்டைக்குள் அடுப்பு மூட்டியது போல் இருந்தது. எச்சில் விழுங்கினால் காது வரைக்கும் இழுத்தது. ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணாமலை ஒரு லோட்டாவில் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றித் தட்டித் தட்டித் தூளாக்கிக் கொடுத்தான். கட்டிலுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டான். நான் கொஞ்சம் இருமினால் போதும், கீழேயிருந்து தலை நீளும். "இன்னாம்மா? ரத்தம் வருதா?" என்பான். அவன் செய்யாதது ஒன்று கிடையாது, உண்மையைச் சொன்னதைத் தவிர.

அறுத்த சதையை மருந்துத் தண்ணீரில் போட்டு வேறே ஊருக்கு அனுப்பினார்கள். அதை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்து, சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற கருவியில் பார்ப்பார்களாம். அதைப் பார்த்தால்தான் எந்த நோவு என்று கடைசியாகச் சொல்ல முடியுமாம். தொண்டைப் புண்ணும் ஆற வேண்டும் என்று என்னை வார்டிலேயே வைத்திருந்தார்கள். இரண்டு வாரம். பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் மாறினார்கள். ஒருத்தி நடந்து போனாள், ஒருத்தியைத் தூக்கிப் போனார்கள்.

சேதி வந்த நாளில் அண்ணாமலை இல்லை. முதல் மழை விழுந்துவிட்டதால், கொல்லை என்று நாங்கள் சொல்கிற மேட்டு நிலத்தை உழ ஊருக்குப் போயிருந்தான். காலையில் ஒரு டாக்டரம்மா வந்தாள், சின்ன வயசு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் உட்கார்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான்.

"ஆயா, ரிசல்ட் வந்துடுச்சு. கேன்சர் இல்ல. சாதாரண டான்சில் வீக்கம்தான். உள்ள பழைய சீழு தங்கித் தங்கி ஒரு பக்கமா பெருத்துப் போயிருக்கு. எடுத்தாச்சு. இனிமே ஒண்ணும் இல்ல. பயந்துட்டீங்களா?"

"நானா? எனுக்கு இன்னா பயம்?" என்றேன். அவள் போன பிறகு போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் முதலில் தோன்றியது அந்த நம்பர்தான். கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையிலும் 146, என் தலையணைக்கடியில் இருந்த சீட்டிலும் 146. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். குமாஸ்தா ஜன்னலில் இருந்தார்.

"ஐயா, இது என் நம்பரு இல்ல. என்னுது நானூத்தி எழுவத்தி நாலு. மாத்திக் குடுங்க."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நம்பர் படிக்கிறியே ஆயா. யாரு சொன்னது உனக்கு?"

"பெஞ்சி சொல்லுச்சி. எனுக்கு அந்த நோவு இல்லன்னு டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க. பின்ன ஏன் அத எழுதனீங்க?"

அவர் கோபப்படவில்லை. பேரேட்டை எடுத்துப் பிரித்தார். "டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா? டான்சில் வீக்கம்னு எழுதி, பக்கத்துல கேன்சர்னு எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாரு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு அர்த்தம். எங்க புத்தகத்துல வீக்கத்துக்கு நம்பர் இருக்கு, கேன்சருக்கு நம்பர் இருக்கு. கேள்விக்குறிக்கு நம்பர் இல்ல. பெரிய நோவு எதுவோ அதைப் போட்டேன்."

"இப்ப இல்லன்னு தெரிஞ்சிபோச்சில்ல? அடிச்சிட்டு எழுதுங்க."

"மாசக் கணக்கு மேல போயிடுச்சு. இனிமே இங்க அடிச்சா அங்க உதைக்கும். உனக்கு என்ன ஆயா? நோவு போயிடுச்சு. நம்பர் பேப்பர்லதானே இருக்கு, தொண்டையிலயா இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை வந்தான். அன்று டாக்டர்கள் கிடையாது. நர்ஸம்மாதான் என் சீட்டை வாங்கி அவன் கையில் கொடுத்து, "ஆயாகிட்ட எல்லாம் சொல்லியாச்சு, கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அவன் சீட்டு மூலையைப் பார்த்தான். சிவப்பு நம்பர் அப்படியே இருந்தது. முகம் செத்துவிட்டது. வராந்தாவில் என்னைக் கேட்டான்.

"உங்கிட்ட இன்னாம்மா சொன்னாங்க?"

என் வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் அவன் அத்தனை நாள் என்னை வெளியே உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. "நீ சொல்லு. உங்கிட்ட இன்னா சொன்னாங்க?" என்றேன்.

கண்ணைப் பார்க்காமல், "சூட்டுக் கட்டிதான்" என்றான்.

"எங்கிட்டயும் அதான் சொன்னாங்க" என்றேன்.

அவன் உண்மையைச் சொல்கிற நிமிஷம் நானும் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். அவன் லேசில் வாயைத் திறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியாதா? அவனை வளர்த்தவளே நான்தானே.

பஸ் ஏறி, மலை ஏறி வீட்டுக்கு வந்தோம். என் கட்டில் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில், சூடு படுகிற இடத்தில் போடப்பட்டிருந்தது. பதினாறு வருஷத்தில் எனக்கு வெந்நீர் வைத்துத் தராத சென்னம்மா காலையும் மாலையும் வைத்தாள். களியைக் கரைத்து, கூழாக்கி, ஆறவைத்துக் கொடுத்தாள். நாட்டுக்கோழிச் சாறு. மலைத்தேன். சொந்தக்காரர்கள் ஊர் ஊராக வந்து, வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து சிரித்தார்கள். என் தங்கச்சி நாலு மைல் நடந்து வந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் கடைசியாகப் பார்க்க வந்தவர்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை. அந்த அன்பு அத்தனையும் என்னுடையது அல்ல, 146க்கு வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தின்றேன். எனக்கு வந்தது பிள்ளைகளுக்கு வருகிற வெறும் வீக்கம் என்று சொன்னால் வெந்நீர் நின்றுவிடும் என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது. அதை மறைத்து எழுதுவானேன்?

ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் புருஷனும் பெண்சாதியும் பேசியது சுவர் வழியாகக் கேட்டது.

"முடி எறக்கறேன்னு வேண்டிக்கினேன். வர்ற வெள்ளிக்கெழம போய்ட்டு வந்துடலாம்" என்றாள் சென்னம்மா.

"உன் முடியையா? பொம்பள முழுசா எறக்குவாளா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். எங்கம்மா செத்தப்ப எனுக்கு ஆறு வயசு. உங்கம்மா என்னைத் திட்டனாலும் சோறு போட்டுத்தான் திட்டனா."

சென்னம்மாவுக்கு முழங்கால் வரைக்கும் முடி. சந்தைக்குப் போனால் வளையல்காரன்கூட வியாபாரத்தை விட்டுப் பார்ப்பான். அவளிடம் நகை கிடையாது. அதுதான் அவள் வைத்திருந்த ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமை காலை அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அத்த, தலய கொஞ்சம் வாரி வுடேன். கோயிலுக்குப் போறோம்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தலையை நான் தொட்டதில்லை. எண்ணெய் வைத்தேன். சிக்கெடுத்தேன். மூன்று கால் பிரித்தேன். ஒரு கையில் அடங்கவில்லை. 'போகாதடி, எனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பின்னலுக்குள் நூறு தடவை சொல்லியிருக்கலாம். வாசலில் அண்ணாமலை வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தான். முதலில் அவன் சொல்லட்டும் என்று இருந்தேன். பின்னி முடித்து, நுனியில் முடிச்சும் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தாள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. "இன்னாத்த பாக்கற? நீ இப்ப என்ன அடையாளம் தெரியாம வூட்ட வுட்டுத் தொரத்திடாத" என்று சிரித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மாசம் போகப் போக நான் தேறினேன். தேறாமல் என்ன? நோவு இருந்தால்தானே. ஆனி, ஆடியில் கொல்லைக்கே போய்க் களை எடுத்தேன். மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி சாவு நம்பர் போட்டு அனுப்பிய பொம்பளையை, மருமகள் முடியைக் கொடுத்துச் சாமி மீட்டுக்கொண்டது என்று. அண்ணாமலை அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டினான். அப்போதுதான் அவன் அந்த நோவின் பேரை வாய்விட்டுச் சொன்னான். அதுவும் எனக்கு இல்லை, விருந்தாளிகளுக்கு. பந்தயம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவள் மொட்டைத் தலையைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு சொல்வேன்?

இத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் வெட்கம் என்னோடு மண்ணுக்குப் போயிருக்கும்.

பக்கத்து ஊரிலிருந்து, உறவில் எனக்கு மகள் முறையாகிற பொன்னி வந்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள். வயசு முப்பத்தைந்துக்குள். "பெரியம்மா, எனுக்கும் உன்ன மாதிரியே களி எறங்கல. பாரேன்" என்று வாயைத் திறந்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் வீங்கியிருந்தது. வீக்கத்தின் மேலே ஒரு புண், வெள்ளை பூத்திருந்தது. வாடை அடித்தது. கழுத்தைத் தொட்டால் புளியங்கொட்டை மாதிரி கட்டி, நகராமல் இருந்தது. எனக்கு இருந்தது இப்படி இல்லை.

"இன்னிக்கே கீழ எறங்குடி. ஆஸ்பத்திரில காட்டு."

"உன்ன ஆஸ்பத்திரியா பொழைக்க வெச்சிச்சி? உன் மருமவ முடி பொழைக்க வெச்சிச்சி. நானும் வேண்டிக்கினேன். நீ கையால துன்னூறு பூசி அனுப்பு, போதும்."

சென்னம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் கேட்டது. அண்ணாமலையும் இருந்தான். இனிமேல் என்ன மானம் என்று சொல்லிவிட்டேன்.

"எனுக்கு அந்த நோவே இல்லடி பொன்னி. வெறும் டான்சிலு. பசங்களுக்கு வர்றது. அறுத்து எடுத்தாங்கோ, போச்சி. டாக்டரம்மா என் கட்டில்ல குந்திச் சொன்னா. நம்பரு தப்பா எழுதிட்டாங்கோ."

முறத்தின் சத்தம் நின்றது.

அண்ணாமலை எழுந்து போய்ச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "இன்னாம்மா ஒளர்ற? தோ பாரு, சீட்டுல எழுதிகீது. குமாஸ்தாவே பொஸ்தகத்துல வெரல வெச்சிக் காட்டனாரு. கவுருமெண்டு தப்பா எழுதுமா?"

"நானு பொய் சொல்வேனா?"

"பொன்னிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கோசரம் சொல்ற" என்றான். பொன்னியும் தலையை ஆட்டினாள். "பெரியம்மாவுக்கு என் மேல பாசம்" என்றாள். தன் நெற்றியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் திருநீறு பூசவில்லை. கத்தினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாத வாய்க்கு, சொன்ன நாளில் மதிப்பில்லை. சிவப்பு மைதான் ஜெயித்தது.

பொன்னியும் முடியைக் கொடுத்தாள். புளி உலுக்குகிற காலத்துக்கு முன்னால் போய்விட்டாள். கடைசியில் கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. அவளுக்குச் சீட்டு இல்லை, எந்த நம்பரும் இல்லை. மேலே அனுப்பிய கணக்கில் என் பேரில் ஒரு கேன்சர் இருக்கும். அவளுடையது எந்தக் கணக்கிலும் இருக்காது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், புண் இருந்தால், கழுத்தில் கட்டி இருந்தால், கீழே இறங்குங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் எந்த நம்பரையும் நம்பாதீர்கள். என்ன நோவு என்று உங்கள் வாயால் நீங்களே கேளுங்கள். வீட்டில் படுத்திருப்பவருக்கு அதைச் சொல்லுங்கள்.

பொன்னியைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்த வழியில் சென்னம்மா எனக்கு முன்னால் நடந்தாள். அன்று வாசலில் முறம் நின்றதிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளும் நம்பவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடி அப்போது கழுத்து வரைக்கும்தான் வந்திருந்தது. திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்த, எனுக்குத் தல வாரி வுட்டயே. அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். மழைக்காலத்து ஓடை குறுக்கே வந்தது. கல்லில் கால் வைத்துத் தாண்டி, திரும்பி நின்று, எனக்குக் கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டு தாண்டினேன். நான் கரையில் கால் வைத்ததும் கையை விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போனாள்.